சணலை எங்கே விதைப்பது? வெயில் தறையும் மாமர நிழலும்

மாரிக்குச் செம்மண் தறையை வெறுமையாக விடாதீர்கள். போட்ட யூரியாவில் பயிர் எடுக்காமல் மிஞ்சியது நைத்திரேற்றாகி மழையோடு கீழே இறங்கும். கீழே வெடிப்பு விழுந்த சுண்ணக்கல். அதைத் தாண்டினால் நாம் குடிக்கும் கிணறு. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் சிலவற்றில் அதைத் தாண்டிய அளவுகள் பதிவாகியிருக்கின்றன. தறையை மூடி வளரும் மூடுபயிர் அந்த நைத்திரேற்றை வேரால் எடுத்துப் பிடித்துவைக்கும். பசளைக்காக விதைத்து மண்ணுக்குள் புரட்டும் அவரையினச் செடியான சணல் அப்படியொரு பயிர். ஆனால் வெயிலில் அது செய்யும் வேலை வேறு, நிழலில் செய்யும் வேலை வேறு.

படி 1: முதலில் வளவை ஒரு நாள் பாருங்கள். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழுந்தால் அது வெயில் இடம். மா, பலாவின் கீழ் நிழல். தென்னையடி இரண்டுக்கும் நடுவே.

படி 2: வெயில் இடத்தில், மழை தொடங்கும் ஐப்பசியில் சணல் விதையுங்கள். ஒரு பரப்புக்கு (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) ஏறக்குறைய ஒரு கிலோ போதும். தண்ணீர் தேங்கும் பள்ளம் சணலுக்கு ஆகாது.

படி 3: ஒரு மாதம் போனதும் ஒரு செடியை மண்ணோடு கிண்டி எடுங்கள். பிடுங்கினால் வேரிலுள்ள சிறு முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். வேரை வாளித் தண்ணீரில் அலசி, ஒரு முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் காற்றிலுள்ள நைதரசன் செடிக்கு வருகிறது. வெள்ளையோ பச்சையோ என்றால் வேலை நடக்கவில்லை. இதே சோதனையை மாமரத்தடியில் முளைத்த சணலிலும் செய்யுங்கள். செடி மெலிந்து நெடுத்திருக்கும், முடிச்சும் குறைவு. முடிச்சுக்குள் இருக்கும் பக்டீரியாவுக்கு இலை சமைக்கும் சீனிதான் சாப்பாடு. வெயில் குறைந்தால் அந்தச் சாப்பாடும் குறையும்.

படி 4: பூக்கத் தொடங்கியதும் வெட்டி மண்ணுக்குள் புரட்டுங்கள். முற்றவிட்டால் தண்டு நாராகிவிடும். அதை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனையே எடுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று கிழமை உக்கவிட்டு வெங்காயம் நடுங்கள். அதற்குமேல் தறையைச் சும்மா போடவேண்டாம், சூட்டில் சணல் வேகமாக உக்கும். வந்த நைதரசனை எடுக்கப் பயிர் இல்லாவிட்டால் அடுத்த மழை அதையும் கிணற்றுக்குக் கொண்டுபோகும். வழமையாகப் போடும் யூரியாவையும் குறையுங்கள். பொஸ்பரசு, பொட்டாசியம் இரண்டையும் சணல் புதிதாக உண்டாக்காது, எடுத்ததைத் திருப்பித்தான் தரும். ஆகவே மாட்டெருவை நிறுத்த வேண்டாம்.

படி 5: நிழலில் நைதரசனை எதிர்பார்க்காதீர்கள், ஈரத்தை எதிர்பாருங்கள். தென்னையடியில் வெயில் புள்ளியாக விழுமிடத்தில் சென்ட்ரோசீமா, புவேராரியா போன்ற கொடிகள் படரும். கோடையில் அவை தென்னையோடு தண்ணீருக்குப் போட்டியிடும், மழை முடிய வெட்டிப் பரப்பிவிடுங்கள். அடர்ந்த மாநிழலில் விதைக்கவே வேண்டாம். சருகைக் கூட்டி எரிக்கிற பழக்கத்தை விட்டாலே பாதி வேலை முடிந்தது. வெயில் படும் வேலியில் சீமைக்கிளுவைக் குழையை வெட்டி அந்தச் சருகின்மேல் போடுங்கள். சருகு மெதுவாக உக்கும், பச்சைக்குழை அதை விரைவாக்கும். மண்வெட்டி போடாதீர்கள், மாவின் உணவு வேர்கள் மேலாகத்தான் ஓடுகின்றன. அடிமரத்திலிருந்து இரண்டு சாண் விட்டுப் பரப்புங்கள், பட்டையில் ஈரக்குழை ஒட்டிக் கிடந்தால் அழுகல் பிடிக்கும்.