சோனியா டெலோனேயிடம் நிறம் கற்க: தூரிகைக்கு முன் துண்டுத்துணி

பாரிஸில் வாழ்ந்த ஓவியர் சோனியா டெலோனேயின் வண்ண வட்டங்களைப் பார்த்து வரையத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வட்டத்தை மட்டுமே கற்றுக்கொள்கிறார்கள். அவருடைய நிறத்தைக் கற்க விரும்புபவர் துணியிலிருந்து தொடங்குவதே முறை. 1911இல் தம் கைக்குழந்தைக்காக அவர் துண்டுத்துணிகளை இணைத்துத் தைத்த போர்வையிலேயே உருவங்களின்றி நிறத்தையும் வடிவத்தையும் கொண்டு வரையும் அவரது அரூப ஓவியத்தின் போக்கு தெரிந்துவிடுகிறது. தெருவிளக்கின் ஒளியை வட்டங்களாக்கிய ‘மின் பட்டகங்கள்’ ஓவியம் அதற்குப் பிறகு, 1914இல்தான் வந்தது.

வடசென்னையில் இருப்பவர்கள் இதற்கென்று அலைய வேண்டியதில்லை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கத்துத் தையல் கடைகளில் ரவிக்கைத் துணியின் வெட்டுத்துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். அரக்கு, ராமர் பச்சை, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி, சாம்பல் ஆகியவை போதும். பளபளப்பு நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதால் பட்டும் சாட்டினும் வேண்டாம்.

சாம்பல் துணியில் ஒரே அளவில் இரண்டு சிறு சதுரங்கள் வெட்டி, ஒன்றை அரக்கின் நடுவிலும் மற்றொன்றை ராமர் பச்சையின் நடுவிலும் வையுங்கள். அரக்கின் மேலுள்ள சாம்பலில் பசுமையும், பச்சையின் மேலுள்ளதில் செம்மையும் இலேசாகத் தோன்றும். தெளிவாகத் தெரியாவிட்டால் மெல்லிய வெள்ளை டிஷ்யூ தாளால் இரண்டையும் மூடிப் பாருங்கள், வேறுபாடு கூடும். பாரிஸின் கோபலின் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரெல், கருப்பு நூல் மங்கலாக இருக்கிறதென்ற புகாரை ஆராய்ந்தபோது, குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில்தான் என்று கண்டறிந்து, 1839இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். சோனியாவும் அவர் கணவர் ராபர்ட்டும் தங்கள் ஓவியத்துக்கு அடிப்படையாகக் கொண்டது இந்த விதியைத்தான். ரவிக்கைக்கு மேட்சிங் தேடும் பெண்கள் சேலையையும் துணியையும் கடை வாசலுக்கு எடுத்துவந்து ஒட்டிவைத்துப் பார்ப்பதில் இந்த அறிவு ஏற்கெனவே இருக்கிறது என்பது என் எண்ணம்.

அடுத்து, துணிகளைக் கால்வட்டங்களாக வெட்டி அட்டையில் அடுக்குங்கள், ஆனால் உடனே ஒட்டிவிடாதீர்கள். ஒரு துண்டை மாற்றும்போது அதைச் சுற்றியுள்ளவை எப்படி மாறுகின்றன என்று கவனிப்பதே பயிற்சி. நிறத்தைத் தனியே தேர்ந்தெடுக்காமல் பக்கத்து நிறத்தோடு சேர்த்தே முடிவுசெய்யும் இந்த வழக்கம்தான் இன்றைய ஓவியருக்கு சோனியாவிடமிருந்து கிடைக்கும் பெரிய பயன்.

அடுக்கு முடிவான பிறகே வண்ணம் கலக்க வேண்டும். அக்ரிலிக் காய்ந்ததும் சற்றுக் கருக்கும் என்பதால், ஒரு காகிதத் துண்டில் பூசி, காயவிட்டு, டியூப்லைட்டைத் தவிர்த்துப் பகல் வெளிச்சத்தில் துணியோடு ஒப்பிட்ட பின்னரே கேன்வாஸில் பூசுங்கள்.