போன வருஷத்து ஆழம் இந்த வருஷம் இருக்காது: டெல்டா ஆறுகளில் குளிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடிப்பெருக்கு, துலா முழுக்கு, அமாவாசைத் தர்ப்பணம், பள்ளி விடுமுறை என்று ஏதோ ஒரு காரணத்துக்காகத் திருச்சியிலிருந்து மயிலாடுதுறை வரை குடும்பம் குடும்பமாக ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். பெரும்பாலும் பழக்கப்பட்ட துறைக்குத்தான் வருவார்கள். "இங்கே இடுப்பளவுதான், சின்ன வயசிலிருந்து குளிக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகளை இறக்கிவிடுவார்கள். டெல்டாவில் உயிர் போகும் இடங்களில் திரும்பத் திரும்பக் கேட்கிற சொல் இதுதான். இங்கே ஓடுவது தன்போக்கில் ஓடுகிற ஆறு அல்ல. மேட்டூரில் திறந்து, முக்கொம்பில் பிரித்து, கல்லணையில் பங்கு போட்டு அனுப்பும் தண்ணீர். அதன் அளவு ஷட்டரைத் தூக்கும் உயரத்தில் மாறும். அடியில் கிடக்கும் மணலும் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் இடம் மாறும்.

தேதியைப் பார்த்து இறங்குவது

மேட்டூர் அணையைக் குறுவை நெல் சாகுபடிக்காக ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். ஆனால் 2024-இல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே அணை நிரம்பி, ஆடிப்பெருக்குச் சமயத்தில் கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடியது. ஒரே வாரத்துக்குள் வறண்ட மணலும் பெருவெள்ளமும். ஆகவே பஞ்சாங்கத்தோடு சேர்த்து நாளிதழையும் பாருங்கள். மேட்டூரில் வினாடிக்கு எத்தனை கன அடி திறக்கிறார்கள், கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் ஆகிய நான்கிலும் எவ்வளவு விடுகிறார்கள் என்று தனித்தனியாகப் போடுவார்கள். திருவையாற்றில் குளிப்பவருக்குக் காவிரிக் கணக்கு, தஞ்சாவூர் பள்ளியக்கிரகாரத்தில் குளிப்பவருக்கு வெண்ணாற்றுக் கணக்கு. மேட்டூரில் விடும் தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர ஏறக்குறைய மூன்று நான்கு நாள் ஆகும். இன்று மேட்டூரில் அளவைக் கூட்டினால் அது உங்கள் துறைக்கு எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். 5,000 கன அடி என்றால், 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி பன்னிரண்டு, ஒவ்வொரு வினாடியும் உங்களைக் கடந்து போவதற்குச் சமம். எண்ணைவிட அது போகும் திசை முக்கியம். நேற்று 3,000, இன்று 8,000 என்றால் இன்று குளிக்கிற நாள் அல்ல. தண்ணீர் குறைவான வருஷங்களில் முறை வைத்து விடுவார்கள். நேற்று வரை முழங்காலளவு இருந்த கிளை ஆற்றில் முறை மாறியதும் இரவோடு இரவாகத் தண்ணீர் ஏறிவிடும்.

கரைக்குப் போனதும் முதல் வேலையாக, தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு குச்சியை நட்டுவையுங்கள். கால் மணி நேரத்தில் அது இரண்டு விரற்கடை முழுகினால் எல்லாரையும் கரையேற்றிவிட வேண்டும். தண்ணீர் செம்மண் நிறமாவது, நுரை திரள்வது, வைக்கோலும் சருகும் மிதந்து வருவது ஆகியவையும் மேலே தண்ணீர் கூடியதற்கான அறிகுறிகள்தான். கொள்ளிடத்தில் நடுத்திட்டில் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்தத் திட்டுக்கும் கரைக்கும் இடையில் இருக்கும் தாழ்ந்த வாய்க்கால்தான் முதலில் நிரம்பும். தண்ணீர் திட்டைத் தொடும்போது திரும்பும் வழி ஏற்கெனவே அடைபட்டிருக்கும்.

ஆழத்தை மட்டும் பார்த்து வேகத்தை விட்டுவிடுவது

ஆளை அடித்துச் செல்வது ஆழம் மட்டும் அல்ல, ஆழமும் வேகமும் சேர்ந்துதான். வேகம் இரண்டு மடங்கானால் காலில் மோதும் விசை நான்கு மடங்காகும். ஒரு காய்ந்த இலையைத் தண்ணீரில் போட்டுவிட்டு, கரையில் அதோடு சேர்ந்து நடந்து பாருங்கள். நீங்கள் சாதாரணமாக நடக்கும் வேகத்தில் இலை போனால், பெரியவர்கள் முழங்காலுக்கு மேல் இறங்கக் கூடாது, பிள்ளைகள் இறங்கவே கூடாது. அந்த வேகத்தில் முழங்காலளவு தண்ணீரே நல்ல திடமான ஆளின் நிலையைத் தடுமாற வைக்கும். இலை அதில் பாதி வேகத்தில் போனால் பெரியவர்களுக்கு இடுப்பளவு வரை தாங்கும்.

தரை ஒரே சீராக இருக்கும் என்று நம்புவது

மணல் அள்ளிய பள்ளங்கள்தான் முதல் எதிரி. இயந்திரம் தோண்டிய பள்ளத்துக்குச் சரிவே கிடையாது. சுவர்போல் செங்குத்தாக இறங்கும். ஓரடி முன்வைத்தால் இடுப்பளவு ஆள் ஆழமாகிவிடும். பள்ளத்தின் விளிம்பு இளகிய மணல். பின்னால் திரும்ப நினைத்துக் காலை ஊன்றினால் விளிம்பே சரிந்து உங்களோடு வரும். இன்னும் சில பள்ளங்கள் புது வண்டலால் மேலோட்டமாக மூடியிருக்கும். பார்க்கத் தரைபோலத் தெரியும், கால் புதையும்.

பாலத் தூண்களின் அடியிலும் இதே கதை. தூணில் மோதும் தண்ணீர் கீழே இறங்கிச் சுழன்று மணலை அரித்துவிடும். பாலத்து நிழலில் குளிப்பது இதமாகத்தான் இருக்கும், ஆனால் ஆற்றிலேயே ஆழமான குழிகள் அங்கேதான் இருக்கின்றன. வளைவுகளில் எப்போதும் வெளிப்பக்கம் ஆழம், உட்பக்கம் மணல் மேடு.

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பதை அப்படியே கடைப்பிடிக்கலாம். ஆறடி மூங்கில் கழி ஒன்று போதும். ஒரு கை நீளம் முன்னால் ஊன்றிப் பார்த்து, கழி நின்ற இடத்துக்குத்தான் கால் போக வேண்டும். உள்ளூர்க்காரர்கள் சித்திரை வைகாசியில் ஆறு வறண்டு கிடக்கும்போது ஒருமுறை தங்கள் துறையை நடந்து பார்த்துவிட்டால் பெரிய பள்ளங்கள் எங்கே என்று தெரிந்துவிடும். அதுவும் முதல் வெள்ளம் வரைதான் செல்லும்.

கோயில் குளங்களில் வேறொரு சிக்கல். படிகள் முடிந்ததும் குளத்தின் தரையில் கிணறுகள் இருக்கும். கும்பகோணம் மகாமகக் குளத்துக்குள் மட்டும் 20 தீர்த்தக் கிணறுகள் உண்டு. பெயர் தெரியாத ஊர்க் குளத்தில் நடுவே நடந்து போகாதீர்கள்.

சட்ரஸ் பக்கத்தில் குளிப்பது

டெல்டாக்காரர்கள் சட்ரஸ் என்று சொல்லும் ரெகுலேட்டர்கள் பக்கம்தான் இளைஞர்கள் கூட்டம் அதிகம். தென்பெரம்பூர் போலத் தண்ணீர் பிரியும் தலைப்புகள், தடுப்பணைகள், மதகுகள் எல்லாம் இதில் சேர்த்தி. மேல்பக்கத்தில் தண்ணீர் அசையாமல் குளம்போல் இருக்கும், அதுதான் ஏமாற்று. ஷட்டர் கீழிருந்து மேலே தூக்கித் திறப்பது. தண்ணீர் அடிவழியாகத்தான் பாய்கிறது. மேற்பரப்பு சும்மா இருக்க, இழுப்பெல்லாம் காலடியில். ஆளை இழுத்து ஷட்டர் இடுக்கில் ஒட்டவைத்துவிட்டால், அந்த அழுத்தத்துக்கு எதிராக நான்கு பேர் சேர்ந்து இழுத்தாலும் பெயர்த்தெடுப்பது கடினம். ஏரி மதகின் வாயும் இதே மாதிரிதான்.

கீழ்ப்பக்கம் இன்னும் மோசம். விழுகிற தண்ணீர் அடியில் பாய்ந்து, மேலே எழும்பி, மறுபடியும் அணையின் பக்கமே திரும்பி உருளும். அந்த உருளலில் சிக்கியவரை அது முன்னே விடாது, திரும்பத் திரும்ப அருவியின் அடிக்கே கொண்டுபோகும். வெள்ளை நுரையில் காற்றுக் குமிழிகள் நிறைந்திருப்பதால் தண்ணீரின் மிதக்கவைக்கும் சக்தியும் குறைந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் உயிரை விடுவது இங்கேதான். எந்தச் சட்ரஸுக்கும் மேலும் கீழும் நூறு மீட்டருக்குள் இறங்குவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லணையிலும் முக்கொம்பிலும் எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடங்களில் படம் எடுக்கக்கூட இறங்க வேண்டாம்.

கல்லணைக் கால்வாயை ஆறாக நினைப்பது

தஞ்சாவூர்க்காரர்கள் புது ஆறு என்று அழைக்கும் கல்லணைக் கால்வாய் 1930-களில் வெட்டப்பட்டது. இப்போது பல இடங்களில் சரிவுக்குக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் தடையில்லாமல் வேகமாக ஓடும். சரிவில் பாசி படிந்துவிட்டால் கைக்கும் காலுக்கும் எந்தப் பிடிமானமும் கிடைக்காது. இறங்குவது ஒரு நொடி வேலை, ஏறுவதற்கு வழியே இல்லை. படிக்கட்டு கட்டிய இடம் தவிர வேறெங்கும் இறங்காதீர்கள். தவறி விழுந்தவர் அதே இடத்தில் ஏறப் போராடக் கூடாது. மல்லாந்து, கால் முன்னால் போகும்படி மிதந்து, அடுத்த படிக்கட்டு வரை ஓரமாகவே போக வேண்டும். ஆற்றிலும் இதுதான் முறை. ஓட்டத்துக்கு எதிராக நீந்தினால் இரண்டு நிமிஷத்தில் கை ஓய்ந்துவிடும். ஓட்டத்தோடு போய்க்கொண்டே சாய்வாகக் கரையை நோக்கி நகரலாம். வெங்காயத்தாமரைக் கூட்டம் பாலத்தில் அடைந்து கிடந்தால் அதன் அடியில் போய்விடக் கூடாது. அதை நெருங்கும் முன்பே பலம் முழுவதும் போட்டுக் கரைப்பக்கம் திரும்ப வேண்டும்.

படித்துறைகளில்

நீர்மட்டம் ஏறி இறங்கும் இரண்டு மூன்று படிகளில்தான் பாசி மிக வழுக்கும். ஆடிப்பெருக்கில் காதோலை கருகமணியும் காப்பரிசியும் விடுவதற்காகக் கடைசிப் படியில் குனிந்து நிற்பார்கள். பழைய துறைகளில் அந்தக் கடைசிப் படிக்குக் கீழே மண் அரித்துப் போயிருக்கும். இரண்டு படி மேலேயே உட்கார்ந்துகொண்டு விடுங்கள், காவிரி வாங்கிக்கொள்வாள். இறங்க வேண்டிய படியை மணல் போட்டுத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துவிட்டு இறங்கலாம். பரிகாரத்துக்காக ஆற்றில் விட்ட பழைய துணிகள் காலைச் சுற்றும். உங்கள் துணியை அங்கே விடாதீர்கள், குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

ஈரமான புடவையும் வேட்டியும் காலைக் கட்டிவிடும். தலையில் எண்ணெய் தேய்த்த பிள்ளையைக் கையால் பிடித்தால் நழுவும், இடுப்பைச் சுற்றிக் கையை வளைத்துப் பிடிக்க வேண்டும். குடித்துவிட்டு இறங்குவது பற்றிப் பேசவே வேண்டியதில்லை, கூடாது. பிள்ளைகளைக் கரையிலிருந்து பார்த்துக்கொள்வது காவல் ஆகாது. இரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை தொடும் தூரத்தில், செல்போன் இல்லாமல். முழுகுகிறவர் கத்தமாட்டார். மூச்சுக்கே வாய் போதாதபோது குரல் எங்கிருந்து வரும்? தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்க, கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். விளையாட்டுப்போலத் தெரியும். ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அணைக்கரைக்குக் கீழே கொள்ளிடத்திலும், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பழைய கொள்ளிடத்திலும் முதலைகள் உண்டு. குளித்தவர்களை இழுத்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. அந்தப் பகுதியில் விடியலிலும் அந்தியிலும் தண்ணீரோரம் போகாதீர்கள். வடுவூர் ஏரி 1999 முதல் பறவைகள் சரணாலயம். பார்க்கப் போகலாம், குளிக்கப் போகக் கூடாது. காலில் ஆறாத புண் இருந்தால் வயல் வடிகால் கலக்கும் வாய்க்காலில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் பரவுகிறது. குளித்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், ஆற்றில் குளித்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒருவரைக் காப்பாற்ற மூவர் குதிப்பது

ஒரே குடும்பத்தில் மூன்று நான்கு பேர் சேர்ந்து உயிரிழப்பதற்கு இதுதான் காரணம். தங்கையை எடுக்க அண்ணன், அண்ணனை எடுக்க அம்மா. கைகோத்துச் சங்கிலியாக இறங்குவதும் அப்படித்தான். ஒருவர் கால் பள்ளத்தில் போனால் சங்கிலி முழுவதும் போகும். முழுகுகிறவர் கிடைத்ததைப் பிடித்து அழுத்துவார், அது அன்பும் அறிவும் பார்க்காது.

குளிக்கப் போகும்போதே 20 மீட்டர் நைலான் கயிறும் மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் கேனும் எடுத்துப் போங்கள். கேனுக்குள் அரை லிட்டர் தண்ணீர் விட்டு மூடினால் காற்றில் பறக்காமல் தூரம் போய் விழும். ஓடும் நீரில் ஆளைத் தாண்டி விழும்படி எறிந்து, கயிறு அவர் கைக்கு வர வேண்டும். அவர் பிடித்ததும் நீங்கள் உட்கார்ந்துவிடுங்கள். நின்றால் உங்களையே இழுத்துவிடும். கயிறு இறுகியதும் ஓட்டமே அவரைக் கரைப்பக்கம் ஒதுக்கும். கயிறு இல்லையா? ஆறு கெஜப் புடவை ஐந்தரை மீட்டர் வரும். இரண்டை முடிந்தால் பத்து மீட்டர். முனையில் முடிச்சுப் போட்டு நனைத்து எறியுங்கள். எறிகிறவர் எறியும்போதே இன்னொருவர் 108-க்கும் 101-க்கும் அழைக்க வேண்டும்.

கரையேற்றிய பிறகு

தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் உடனே நிறுத்த வேண்டிய பழக்கங்கள். வயிற்றில் உள்ள தண்ணீர் உயிரைப் பறிப்பதில்லை. அதை அமுக்கினால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும், நேரமும் வீணாகும். அவருக்கு வேண்டியது காற்று. கெட்டியான தரையில் மல்லாத்திப் படுக்கவையுங்கள். மூச்சு இல்லையென்றால் தலையைப் பின்னால் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். ஒவ்வொரு முறையும் மார்பு எழ வேண்டும். பிறகு நடு மார்பில் இரு கையும் சேர்த்து ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிஷத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 30 அழுத்தம், அடுத்து இரண்டு ஊதல். ஆம்புலன்ஸ் வரும்வரை இதையே மாற்றி மாற்றிச் செய்யுங்கள். மூச்சு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈரத்துணி களைந்து போர்த்துங்கள்.

எழுந்து உட்கார்ந்து பேசினாலும் வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். ஆறு முதல் எட்டு மணி நேரமாவது அரசு மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்க வேண்டும். எத்தனை நிமிஷம் தண்ணீருக்குள் இருந்தார், எப்போது மூச்சு வந்தது என்பதை உடன் போகிறவர் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் கொடுங்கள்.