ஸ்ட்ராபெர்ரியின் எதிர்ப்பாற்றலைக் கெடுக்கும் தவறுகள்

கடலூர், புதுச்சேரி மாடித்தோட்டங்களில் ஸ்ட்ராபெர்ரி வளர்ப்பவர்களில் பலர், பூச்சியோ நோயோ கண்ணில் பட்ட பிறகுதான் செடியின் எதிர்ப்பாற்றலைப் பற்றி நினைக்கிறார்கள். கிருமி தாக்கினால் சாலிசிலிக் அமிலத்தையும், பூச்சி கடித்தால் ஜாஸ்மோனிக் அமிலத்தையும் சுரந்து மற்ற இலைகளையும் உஷார்ப்படுத்தும் ஏற்பாடு செடிக்குள்ளேயே இருக்கிறது. அதை முடக்கிவிடுவது பெரும்பாலும் நம்முடைய பராமரிப்புதான்.

இந்தக் கடலோரத்தில் முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீர். ஸ்ட்ராபெர்ரி உப்பை அறவே தாங்காத பயிர்; மண்ணில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1 டெசிசைமன் அளவைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். உவர்ப்பான போர் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் இலையின் ஓரம் மட்டும் பழுப்பேறி, தொட்டால் நொறுங்கும். இதை நோயென்று எண்ணிப் பூஞ்சாணக்கொல்லி அடிப்பது வீண்செலவு. சேமித்த மழைநீரே இதற்கு உத்தமம். தென்னை நார்க்கழிவுக் கட்டியிலும் உப்பு இருக்கும் என்பதால், நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசாமல் தொட்டியில் நிரப்பக் கூடாது.

அடுத்த தவறு, செடி கரும்பச்சையாகத் தழைக்க வேண்டுமென்று யூரியாவை அள்ளிப் போடுவது. தழைச்சத்து மிகுந்தால் இலைத்திசு மென்மையாகி, சாறு உறிஞ்சும் அசுவினிக்கும் செஞ்சிலந்திக்கும் சாம்பல் நோய்க்கும் விருந்தாகிவிடும். சிலிக்கா இலையை உறுதியாக்கும் என்று கேள்விப்பட்டு உமிச்சாம்பலைக் கொட்டுபவர்களும் உண்டு. சிலிக்கா நல்லதுதான், ஆனால் சாம்பலின் காரத்தன்மை 5.5 முதல் 6.5 வரையிலான பி.எச். அளவை, அதாவது லேசான அமிலத்தன்மையை விரும்பும் இந்தச் செடிக்கு ஒத்துவராது.

சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா, கைட்டோசான் என்னும் ஓட்டுச்சத்து போன்றவை செடியின் எதிர்ப்பைத் தூண்டுபவை. வந்த நோயைக் குணப்படுத்துபவை அல்ல. ஆகவே நடும்போதே வேரைச் சூடோமோனாஸ் கரைசலில் நனைத்து நட்டு, பூக்கும் முன்பே தெளிப்பையும் தொடங்கிவிட வேண்டும். அது உயிருள்ள பாக்டீரியா என்பதை மறந்து, தாமிரப் பூஞ்சாணக்கொல்லியோடு ஒரே டேங்க்கில் கலப்பவர்கள் இரண்டுக்கும் கொடுத்த காசை வீணாக்குகிறார்கள். கைட்டோசான் இறால், நண்டு ஓடுகளிலிருந்துதான் எடுக்கப்படுகிறது என்றாலும், பதப்படுத்தாத ஓட்டைத் தொட்டியில் புதைத்தால் பூனைதான் வரும்.

நடும் காலமும் முக்கியம். ஊட்டி நாற்று கிடைக்கிறதென்று ஐப்பசி மழையில் நட்டால், வெப்பமும் ஈரமும் சேர்ந்து ஆந்த்ராக்னோஸ் என்னும் பூஞ்சாண நோய்க்கும் தண்டழுகலுக்கும் வழிவிடும். மழை ஓய்ந்த மார்கழியே பொருத்தம். குருத்து மண்ணுக்குமேல் தெரியும்படி நட்டு, காலையில் வேரடியில் மட்டும் நீர் ஊற்ற வேண்டும்.

வெயில் ஏறும் மாசியில் இலையின் அடிப்புறத்தை வாரம் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். நுண்ணிய வலையோடு செஞ்சிலந்தி தெரிந்தவுடன் கடும் பூச்சிக்கொல்லியை அடித்தால், அதைத் தின்னும் இரைவிழுங்கிச் சிலந்திகள் முதலில் மடிந்து, சில நாட்களில் செஞ்சிலந்தி முன்னைவிடப் பெருகும். பாதித்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டு, இலையடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதே முதல் வேலை. அதையும் இலை மாலைக்குள் உலரும்படி காலையிலேயே செய்ய வேண்டும்.