"ஆடுறியா?" என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள்: சிறுவர் கால்பந்து கிளப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடிபட்டு விழுந்த பிள்ளையிடம் ஓடிப்போய் நாம் முதலில் கேட்பது, "ஒண்ணும் இல்லையே? ஆடுறியா?" என்பதைத்தான். அக்கறையோடுதான் கேட்கிறோம். ஆனால் பத்து வயதுப் பிள்ளை என்ன பதில் சொல்லும் என்பது கேட்பதற்கு முன்பே தெரிந்ததுதான். வெளியே போனால் தன் இடத்தில் வேறொருவன் இறங்கிவிடுவான். கோச் முகம் வாடும். அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஆடுறேன் சார்" என்று எழுந்து நின்றுவிடும்.

கிளப்புகளில் நடக்கும் பாதுகாப்புத் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கேள்விதான் வேர் என்று நினைக்கிறேன். பெரியவர்கள் எடுக்க வேண்டிய முடிவைப் பிள்ளையின் தலையில் இறக்கிவிடுகிறோம். நாமே எடுத்தாலும், ஆட்டச் சூட்டில், ஒரு கோல் பின்தங்கியிருக்கும் பதற்றத்தில் எடுக்கிறோம். எந்த நிலையில் ஆட்டக்காரரை வெளியே எடுப்பது, எப்போது பயிற்சியை நிறுத்துவது, யார் சொன்னால் அது இறுதி என்பதையெல்லாம் சீசன் தொடங்கும் முன்பே பேசி எழுதி வைத்துவிட்டால், மைதானத்தில் யாரும் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

தலையில் அடி

"மயங்கி விழலையே, அப்புறம் என்ன?" என்பது அதிகம் கேட்கிற வாக்கியம், அதிக ஆபத்தானதும்கூட. தலை குலுங்கி மூளையின் இயக்கம் தடுமாறும் மூளை அதிர்ச்சி (concussion) ஏற்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நினைவு இழப்பதே இல்லை. தலை நேரடியாக மோத வேண்டும் என்றும் இல்லை. மார்பிலோ தோளிலோ விழுந்த இடியில் தலை வேகமாகக் குலுங்கினாலே போதும். பார்க்க வேண்டிய அடையாளங்கள் வேறு: எழுந்திருக்கத் தாமதம், வெறித்த பார்வை, தள்ளாட்டம், எந்தப் பக்கம் கோல் அடிப்பது என்ற குழப்பம், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, தலைவலி, குமட்டல், வெளிச்சம் கண்ணைக் கூசுவது, வழக்கத்துக்கு மாறான அழுகை அல்லது எரிச்சல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும், தெரிகிறதோ என்று சந்தேகம் வந்தாலும், அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் முடிந்தது.

"அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து பாரு, சரியாயிட்டா இறங்கு" என்பது அடுத்த தவறு. அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டலாம். முதல் அடியிலிருந்து மூளை மீளாத நிலையில் இன்னொரு அடி விழுந்தால் மூளை வேகமாக வீங்கி உயிரைப் பறிக்கக்கூடும். அரிதாக நடப்பதுதான், ஆனால் பதிவாகியிருப்பவர்களில் அதிகம் பேர் வளரிளம் பருவத்தினர் என்பதை ஒவ்வொரு கோச்சும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

வாந்தி தொடர்வது, தலைவலி ஏறிக்கொண்டே போவது, வலிப்பு, இரட்டையாகத் தெரிவது, கை கால் பலவீனம் அல்லது மரமரப்பு, கழுத்து வலி, தூக்கக் கலக்கம் கூடிக்கொண்டே போவது, ஒரு கணமேனும் நினைவு தப்புவது ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைதான். கழுத்து வலி என்று சொல்லும் பிள்ளையை ஆட்டம் தொடர வேண்டும் என்பதற்காகக் கோட்டுக்கு வெளியே தூக்கிப் போடவே கூடாது. ஆம்புலன்ஸ் வரும்வரை ஆட்டம் நிற்கட்டும்.

ஸ்கேன் எடுத்து "ஒன்றுமில்லை" என்று வந்ததும் மறுநாளே பூட்ஸ் மாட்டி அனுப்பும் பெற்றோர் உண்டு. ஸ்கேன் தேடுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். மூளை அதிர்ச்சி பொதுவாக அதில் தெரியாது. எதிர்ப்பக்கத்தில், பிள்ளையை இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பதும் பழைய முறையாகிவிட்டது. முதல் 24 முதல் 48 மணி நேரம் வீட்டில் இளைப்பாறல், செல்போன் திரையைக் குறைத்தல், மெதுவான நடை. பிறகு படிப்படியாகப் பள்ளி. பள்ளி முழுமையாகச் சீரான பிறகே பந்து. தொழில்முறை அல்லாத உள்ளூர் விளையாட்டுகளுக்காகப் பிரிட்டனில் 2023-இல் வெளியான வழிகாட்டுதல், அடிபட்டு 21 நாளுக்கு முன் யாரும் போட்டிக்குத் திரும்பக் கூடாது என்கிறது. தலையில் அடிபட வாய்ப்புள்ள பயிற்சிக்கே 14 நாள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். தனியாக மருத்துவர் இல்லாத கிளப்புக்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடைக்காது.

இதில் பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. அதே பிள்ளை பள்ளி அணியிலும் ஆடிக்கொண்டிருக்கும். கிளப்பில் உட்கார வைத்த பிள்ளை மூன்றாம் நாள் பள்ளிப் போட்டியில் ஹெடர் (பந்தைத் தலையால் முட்டுவது) அடித்துக்கொண்டிருக்கும். அடிபட்ட அன்றே பெற்றோருக்கு எழுத்தில் கொடுங்கள். பள்ளிக்கும் சொல்லச் சொல்லுங்கள்.

ஹெடர் பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 2015-இல் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு ஹெடிங்கைத் தடை செய்தது. இங்கிலாந்து 2020-இல் தொடக்கப்பள்ளி வயதினரின் பயிற்சியிலிருந்தே அதை எடுத்துவிட்டது. உங்கள் சங்கத்தில் விதி இல்லாவிட்டாலும் கிளப் தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொள்வதை யாரும் தடுக்கப் போவதில்லை. பந்தின் அளவையும் பாருங்கள்: எட்டு வயதுக்குக் கீழே 3-ஆம் எண், பன்னிரண்டு வரை 4, அதற்கு மேல்தான் 5. பெரியவர்கள் ஆடிய 5-ஆம் எண் பந்தை, காற்றைக் கல் மாதிரி ஏற்றி, சிறுவர்களிடம் உருட்டிவிடுவது சிக்கனம் ஆகாது.

யாரும் மோதாமல் விழுந்தால்

2021 ஜூன் 12, கோபன்ஹேகன். டென்மார்க் ஆட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சன் பக்கத்தில் யாரும் மோதாமலே சரிந்தார். நிமிடங்களுக்குள் மார்பு அழுத்தமும் மின்னதிர்ச்சியும் கிடைத்ததால் பிழைத்தார், பிறகு மீண்டும் ஆடவும் வந்தார். யாரும் இடிக்காமல் சரிந்து, கூப்பிட்டால் பதில் இல்லையென்றால், வேறு காரணம் தெரியும்வரை அது இதய நிறுத்தம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மார்பில் வேகமான பந்து பட்டதும் சரிகிற பிள்ளைக்கும் இதேதான்.

இங்கே நேரத்தைத் தின்னும் தவறுகள் எல்லாமே நல்லெண்ணத்தில் வருபவை. முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். நாக்கை விழுங்கிவிடுவான் என்று பயந்து வாயில் விரலைவிட்டு இழுப்பார்கள். கை கால் உதறுவதைப் பார்த்து வலிப்பு என்று சாவிக்கொத்தைத் தேடுவார்கள். வாயைத் திறந்து திறந்து மூடும் விக்கல் போன்ற மூச்சைப் பார்த்து "மூச்சு வருது" என்று ஆறுதல் அடைவார்கள். இதயம் நின்றவுடன் சில நொடி உதறலும், அந்த விட்டுவிட்டு வரும் இழுப்பும் வருவது வழக்கம். அதை மூச்சாகக் கணக்கில் எடுக்கவே கூடாது.

செய்ய வேண்டியது: ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்க, இன்னொருவர் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவியை எடுக்க ஓட, மூன்றாமவர் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி அழுத்த வேண்டும். பயிற்சி பெற்றவர் இருந்தால் வாய்வழி மூச்சும் சேர்த்துக் கொடுக்கலாம். கருவி வந்ததும் அது பேசும் வழிமுறையைப் பின்பற்றினால் போதும். அதிர்ச்சி தேவைப்படாத இதயத்துக்கு அது கொடுக்காது. சிறுவர்களுக்கான ஒட்டுப்பட்டை இல்லையென்றால் பெரியவர்களுக்கானதையே ஒட்டுங்கள்.

மின்னதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. கருவி அலுவலக அறைக்குள், அறைச் சாவி செயலாளர் வீட்டில் என்றால், கிளப்பில் கருவி இல்லை என்றே பொருள். கதவுகளும் அப்படித்தான். ஆம்புலன்ஸ் நுழையும் வாசல் பூட்டிக் கிடக்கக் கூடாது. மைதானத்தின் முழு முகவரி, எந்த வாசல், யார் அழைப்பது, யார் வாசலில் நிற்பது, மற்றப் பிள்ளைகளை யார் தள்ளி அழைத்துப் போவது என்று ஒரே தாளில் எழுதி ஒட்டுங்கள். சீசன் தொடக்கத்தில் ஒருமுறை ஒத்திகையும் பாருங்கள்.

சேர்க்கைப் படிவத்தில் மூன்று கேள்விகள் இருக்கட்டும்: ஓடும்போது எப்போதாவது மயங்கியது உண்டா, ஓடும்போது நெஞ்சு வலி வந்ததா, குடும்பத்தில் யாராவது இள வயதில் திடீரென இறந்திருக்கிறார்களா. ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் மருத்துவர் பார்த்த பிறகே பயிற்சி. படிவத்தை வாங்கிக் கோப்பில் வைத்து யாரும் படிக்காமல் விடுவது, கேட்காமல் இருந்ததைவிட மோசம். ஆஸ்துமா, கடும் ஒவ்வாமை, நீரிழிவு உள்ள பிள்ளைகள் யார் என்று அன்றைய கோச்சுக்குத் தெரிய வேண்டும். இன்ஹேலர் உடைமாற்றும் அறைப் பைக்குள் கிடந்தால் பயன் இல்லை, கோட்டோரம் இருக்க வேண்டும்.

கோல்போஸ்ட்

என்னைக் கேட்டால், குறைந்த உழைப்பில் ஒரு உயிரைக் காக்கும் வேலை இதுதான். நகர்த்தக்கூடிய கோல்போஸ்ட் கவிழ்ந்து பல நாடுகளில் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். முன்பக்கம் கனமான அந்தச் சட்டகத்தில் ஒரு பிள்ளை தொங்கி ஊஞ்சலாடினால் போதும், பலத்த காற்று அடித்தாலும் போதும், குறுக்குச் சட்டம் நேராகத் தலையில் இறங்கும். அதுவும் பெரும்பாலும் ஆட்டத்துக்கு முன்னோ பின்னோ, பெரியவர்கள் பேசிக்கொண்டு நிற்கும் நேரத்தில்.

பின் சட்டத்தைத் தரையில் அடித்து இறுக்குங்கள், செயற்கைப் புல் தரையில் அதற்கென்று செய்த எடைகளை வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஆட்டத்துக்கு முன் ஒரு பெரியவர் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் ஒன்றோடொன்று முகம் பார்க்க வைத்துச் சங்கிலியிட்டுப் பூட்ட வேண்டும். நகர்த்தும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது. உள்ளூர் வெல்டிங்கில் செய்தது நன்கொடையாக வந்தாலும், அசைவு இருந்தால் களத்தில் வைக்காதீர்கள். வலையைக் கட்ட இரும்புக் கொக்கி இருந்தால் கழற்றிவிடுங்கள், விரல் மாட்டிக் கிழியும். மோதிரம், தோடு, கையில் கட்டிய கயிறு எல்லாம் கழற்றிவிட்டே ஆட வேண்டும். மேலே டேப் ஒட்டினால் போதும் என்பதை ஆட்ட விதியே ஏற்பதில்லை.

வெயில், இடி

தண்ணீரை வெகுமதியாகவோ தண்டனையாகவோ ஆக்குவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. தோற்ற அணி கூடுதலாக நான்கு சுற்று ஓடிவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கலாம் என்பார்கள். வெயில் நாளில் இது கண்டிப்பில் சேராது, ஆபத்தில்தான் சேரும். விடுமுறைக்குப் பின் வரும் முதல் வாரமே கடுமையான பயிற்சி வைப்பதும் அப்படித்தான், வெப்பத்துக்கு உடல் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். செயற்கைப் புல் தரை காற்றைவிட மிக அதிகமாகச் சூடேறும் என்பதால் நிழலில் தொங்கும் வெப்பமானியை மட்டும் நம்பாதீர்கள்.

வெப்பத்தில் ஒரு பிள்ளை உளறினால், காரணமில்லாமல் கோபப்பட்டால், தள்ளாடினால், அது ஹீட் ஸ்ட்ரோக், உடல் சூடு மீறி ஏறி உயிருக்கே ஆபத்தாகும் நிலை. "வியர்க்குதே, அதனால இருக்காது" என்று தள்ளாதீர்கள்; ஓடும்போது வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்வை இருக்கும். முதலில் குளிரவைப்பது, பிறகே கொண்டுபோவது. பெரிய தொட்டியில் குளிர்நீர் இருந்தால் கழுத்துவரை அமிழ்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள், பனிக்கட்டியில் நனைத்த துண்டுகளை மாற்றி மாற்றிப் போடுங்கள். தெளிவில்லாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இடிச் சத்தம் கேட்டால் ஆட்டம் நிற்க வேண்டும். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே மீண்டும் தொடங்கலாம். மரத்தடியும் திறந்த கொட்டகையும் ஒதுங்கும் இடங்கள் அல்ல. சுவருள்ள கட்டடம் அல்லது கதவு மூடிய கார்.

வலி, வளர்ச்சி

மைதானத்தை இரண்டு சுற்று ஓடி, நின்ற இடத்தில் காலை இழுத்துவிட்டு, நேராகக் கோலை நோக்கி உதைப்பதை வார்ம் அப் என்று சொல்லக் கூடாது. ஃபிஃபா வகுத்த 11 பிளஸ் கிட்ஸ் என்ற திட்டம் 7 முதல் 13 வயதினருக்கானது: ஒற்றைக் காலில் சமநிலை, தாவி இறங்குதல், விழும் முறை, உடல் நடுப்பகுதி வலு என்று சுமார் 20 நிமிடம். 2018-இல் வெளியான நான்கு ஐரோப்பிய நாடுகளின் ஆய்வில், இதைச் செய்த அணிகளில் காயங்கள் 48 சதவீதம் குறைவாக இருந்தன. கருவி வேண்டாம், செலவு இல்லை. செய்யாமல் விட ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

குதிகாலிலும் முழங்காலுக்குக் கீழும் வாரக்கணக்கில் வலி என்றால் "வளர்ற வயசு, அப்படித்தான்" என்று தள்ளிவிடுகிறோம். எலும்பு வளரும் இடமான வளர்தட்டில் தசைநாண் ஓயாமல் இழுப்பதால் வரும் வலி அது. சுமையைக் குறைத்தால் ஆறும், வலி மாத்திரை கொடுத்து இறக்கினால் நீளும். நொண்டுகிற பிள்ளைக்கு அன்று ஆட்டம் இல்லை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று தெரியாவிட்டால், பிள்ளையின் வயதைத் தாண்டாத எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா அணிகளையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

பிள்ளை சொல்லாதது

வலியைச் சொல்லாத பிள்ளை, ஒரு பெரியவர் தன்னிடம் தவறாக நடந்ததையும் சொல்லாது. இங்கிலாந்தில் முன்னாள் ஆட்டக்காரர்கள் சிறுவயதில் தங்களுக்குக் கோச்சுகள் இழைத்த பாலியல் கொடுமையை 2016-இல்தான், பல பத்தாண்டுகள் கழித்து, வெளியே சொன்னார்கள். அதை விசாரித்து 2021-இல் வந்த ஷெல்டன் அறிக்கை, 1995-க்கும் 2000-க்கும் இடையில் பிள்ளைகளைக் காக்கும் ஏற்பாடுகளை இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தாமதப்படுத்தியதை நேரடியாகக் கண்டித்தது.

"நமக்குத் தெரிஞ்ச மனுஷன், சொந்தக் காசைப் போட்டு கிளப்பை நடத்துறார்" என்பது பின்னணி விசாரிக்காமல் இருக்கக் காரணம் ஆகாது. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் நல்லவருக்கு அதில் அவமானம் இல்லை. ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. செய்திகள் பெற்றோர் இருக்கும் குழுவில்தான் போக வேண்டும், பிள்ளையின் எண்ணுக்குத் தனியாகப் போகக் கூடாது. உடைமாற்றும் அறைக்குள் செல்போன் கூடாது. புகார் என்றால் யாரிடம் போவது என்று ஒருவரின் பெயரும் எண்ணும் சுவரில் இருக்க வேண்டும், அவர் தலைமைக் கோச்சாக இருக்கக் கூடாது. பிள்ளை ஏதாவது சொல்ல வந்தால் குறுக்கிடாமல் கேளுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துருவிக் கேட்காதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தைகளிலேயே அன்றே எழுதி, பொறுப்பாளரிடமும், உடனடி ஆபத்து என்றால் காவல்துறையிடமும் சேருங்கள். குற்றம் சாட்டப்பட்டவரை நீங்களே கூப்பிட்டு விசாரிப்பது பிள்ளையை இன்னும் ஆபத்தில் தள்ளும்.

பயிற்சி முடிந்தபின் அழைத்துப்போக ஆள் வராத கடைசிப் பிள்ளைக்கும் ஏற்பாடு வேண்டும். இரண்டு பெரியவர்கள் கூட நிற்பது, படிவத்தில் உள்ள இரண்டாவது எண்ணை அழைப்பது, பெற்றோர் சொல்லாத யாருடனும் அனுப்பாமல் இருப்பது. இந்த வாரம் நிற்கப்போகிறவர்கள் யார் யார் என்பது பயிற்சி தொடங்கும்போதே முடிவாகியிருக்க வேண்டும்.