ஐப்பசி மழையில் பங்குப் பண்ணை: வேலூர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயி. சத்துவாச்சாரி, காந்திநகர், காட்பாடி என்று நகரத்தில் இருபது முப்பது குடும்பங்கள். பருவம் தொடங்கும்போதே குடும்பங்கள் முன்பணம் கொடுத்துவிடும், மீதியைத் தவணையாகக் கட்டும். விளைந்ததை விவசாயி வாரா வாரம் எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுப்பார். நன்றாக விளைந்தால் எல்லோருக்கும் பை நிறையும், மழை அடித்துக்கொண்டு போனால் நஷ்டத்திலும் எல்லோருக்கும் பங்கு. வேலூர்ப் பக்கம் இந்த ஏற்பாடு முறிகிறதென்றால் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான் முறிகிறது. அதற்குக் காரணமான தவறுகளில் பாதியை முன்கூட்டியே பேசித் தவிர்த்துவிடலாம்.

பெரிய தவறு பருவத்தை வகுப்பதிலேயே நடக்கிறது. இந்த முறை 1970களில் ஜப்பானில் 'டெய்கெய்' என்ற பெயரில் பரவியது. அமெரிக்காவில் 1986-ல் மாசசூசெட்ஸில் இந்தியன் லைன் பண்ணையும், நியூ ஹாம்ப்ஷயரில் டெம்பிள்-வில்டன் பண்ணையும் இதைத் தொடங்கின. அங்கே இலையுதிர் காலம் என்றால் களஞ்சியம் நிறையும் காலம். உறைபனி விழுவதற்குள் பூசணி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். அக்டோபரில் தரும் பெட்டி கனமாக இருக்கும். அதைப் படித்துவிட்டு இங்கேயும் மே மாதம் தொடங்கி நவம்பரில் முடிப்பதுபோல் பருவம் வைக்கிறார்கள். நமக்கு மே மாதம் கத்திரி வெயில், கிணற்றில் அடிமண் தெரியும் நேரம். அக்டோபர், நவம்பர் அடைமழை. அவர்கள் நிலம் பனியில் உறைந்து கிடக்கும் ஜனவரியில்தான் நம் தோட்டத்தில் அவரையும் மொச்சையும் கத்தரியும் குவியும். வேலூருக்குத் தென்மேற்குப் பருவமழையும் ஓரளவு நன்றாகவே கிடைப்பதால் ஆடியில் விதைத்து, புரட்டாசியில் பை கொடுக்கத் தொடங்கி, பங்குனியில் முடிப்பது இந்த மண்ணுக்குச் சரியாக வரும். அப்படி வைத்தால் மெலிந்த வாரங்கள் முன்னால் போய்விடும், கனத்த வாரங்கள் பின்னால் வரும். பணம் கொடுத்தவர்களுக்கும் அது பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருக்கும்.

"இன்னாண்ணா, இந்த வாரமும் பரங்கிக்காயா?" என்று கேட்காத வீடு இல்லை. கேட்பதில் தப்பில்லை. கடையில் பன்னிரண்டு மாதமும் எல்லாக் காயும் கிடைப்பதால், ஒரே தோட்டத்திலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வதுதான் தப்பு. விடாமல் மழை பெய்தால் முருங்கையில் பூ கொட்டிவிடும், தக்காளி வெடிக்கும், சிறுகீரையும் முளைக்கீரையும் வேர் அழுகிச் சாய்ந்துவிடும், புடலை, பீர்க்கன் இலைகளில் அடிச்சாம்பல் நோய் ஏறும். அதே வாரங்களில் வாழைப்பூ, வாழைத்தண்டு, சேப்பங்கிழங்கு, பப்பாளிக்காய், கறிவேப்பிலை, மழைக்கு முன்பே பறித்து வைத்த பரங்கி, பூசணி இவையெல்லாம் தாராளமாக வரும். கார்த்திகைப் பை என்பது இதுதான். இதைச் சேரும் நாளிலேயே விவசாயி மாதவாரியாக எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு யாருக்கும் மனக்கசப்பு வராது. "வாரம் எட்டு வகை நிச்சயம்" என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. மழை யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் போன வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த எட்டு வகை வாக்கைக் காப்பாற்றத்தான் அடுத்த தவறு நடக்கிறது. தோட்டத்தில் இல்லாததைச் சந்தையில் வாங்கி, சொல்லாமல் பையில் போட்டுவிடுவது. இதை நான் கொஞ்சமும் ஏற்க மாட்டேன். மருந்தடிக்காத காய் என்று நம்பித்தான் அந்தக் குடும்பம் முன்பணம் கொடுத்திருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் வாங்கினால் தப்பே இல்லை, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் போடுங்கள். அதுகூட வேண்டாம் என்றால் பை பாதியாகவே போகட்டும்.

வயலில் செய்கிற தவறுகளில் மழைக்கு முன்பு வடிகால் எடுக்காமல் விடுவதுதான் முக்கியமானது. புரட்டாசியிலேயே மேட்டுப்பாத்தி போட்டு, தண்ணீர் வெளியேற வாய்க்கால் வெட்டிவிட வேண்டும். மழை தொடங்கிய பிறகு ஈர மண்ணில் இறங்கி மண்வெட்டி போட்டால், மிதிபட்ட இடமெல்லாம் இறுகிப்போய் வேருக்குக் காற்று கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு தோட்டம் பார்க்க வரும் குடும்பங்களும் வரப்பிலேயே நிற்பது நல்லது. மழை வரப்போகிற மதியத்தில் பஞ்சகவ்யம் தெளிப்பதும் வீண், அத்தனையும் கழுவிக்கொண்டு போகும். தக்காளியைச் செடியிலேயே பழுக்க விடாமல் செங்காயாகப் பறித்துவிட்டால் வெடிப்பிலிருந்து பாதியையாவது காப்பாற்றலாம்.

மல்லாட்டை (நிலக்கடலை) விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், இது உடம்பைப் பாதிக்கிற சமாச்சாரம். ஆடியில் விதைத்த மானாவாரிக் கொத்து ரகம் 105 நாளை ஒட்டிப் பறிப்புக்கு வரும், அதாவது சரியாக அடைமழை நேரத்தில். இன்னும் கொஞ்சம் முற்றட்டும் என்று விட்டால் வினை. கொத்து ரகங்களுக்கு விதையுறக்கம் கிடையாது, ஈர மண்ணில் கிடந்தால் செடியிலேயே முளைவிடும். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செடியைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பாருங்கள். ஓட்டின் உட்புறம் வெள்ளையாக, பஞ்சு போல இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. பழுப்பும் கருப்புமாக நரம்போடி, பருப்பின் தோல் நிறம் பிடித்திருந்தால் மழை விட்ட முதல் நாளே பறித்துவிடுங்கள். பறித்த அன்று காயில் 35 முதல் 50 சதவீதம் வரை ஈரம் இருக்கும். அதைச் சாக்கில் கட்டியோ, தார்ப்பாய்க்குக் கீழே குவித்தோ இரண்டு நாள் வைத்தால் உள்ளே சூடேறி ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சணம் பிடிக்கும். அது உண்டாக்கும் அஃப்ளடாக்ஸின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது. வெயில் இல்லாத நாளில் கொட்டகைத் தரையில் மெல்லிசாகப் பரப்பி, மின்விசிறி போட்டுக் கிளறிவிட வேண்டும். ஈரம் 8, 9 சதவீதத்துக்கு இறங்கிய காயைக் காதருகே வைத்து ஆட்டினால் பருப்பு கலகலவென்று உருளும். அதற்கு முன் மூட்டை கட்டக் கூடாது. வாங்குகிறவர்களும் பச்சை மல்லாட்டை வந்தால் அன்றைக்கே அவித்துச் சாப்பிட்டுவிட வேண்டும், பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு மூலையில் வைக்கக் கூடாது. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதையும் பொறுக்கி எறியத் தயங்க வேண்டாம். சாப்பிடும் பிள்ளையின் ஈரலை நினைத்துப் பாருங்கள்.

சமையலறைத் தவறுகள் சின்னவைதான், ஆனால் பாதிப் பையை அவைதான் குப்பைக்கு அனுப்புகின்றன. மழையில் நனைந்து வந்த கீரையை மறுபடி அலசி ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். வேரை நறுக்கி, நியூஸ் பேப்பரில் பரப்பி ஈரம் போனதும் துணியில் சுற்றி வையுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்குக் குளிர் ஆகாது, எந்தக் கத்தரிக்குமே ஆகாது. ஃப்ரிட்ஜில் வைத்தால் தோல் குழிந்து விதை கருக்கும். வெளியே வைத்து இரண்டு நாளில் குழம்பு வைத்துவிடுங்கள். ஜவ்வாது மலைச் சீத்தாப்பழத்தையும் பழுப்பதற்கு முன் ஃப்ரிட்ஜில் வைத்தால் கறுத்துப்போகும், கடைசிவரை பழுக்காது. பரங்கியைக் காம்போடு, தரையில் படாமல், காற்றாட வைத்தால் பொங்கல்வரைக்கும் கெடாது.

கடைசியாகப் பணம். பை சிறுத்துவிட்டது என்று கார்த்திகைத் தவணையைப் பிடித்துவைக்கிற குடும்பங்கள் உண்டு. பந்தல் அவரை பகல் நேரம் குறைந்தால்தான் பூக்கும், கார்த்திகையில் பூத்து மார்கழி, தையில் காய்க்கும். பூச்சி பிடிக்கும் முன்பே வேப்பங்கொட்டைக் கரைசலுக்கும், சரிந்த பந்தலைத் தூக்கிக் கட்டும் ஆளுக்கும், நாற்று அழுகிப்போன பாத்தியில் மறுபடி நடுவதற்கும் அந்த மாதத்தில்தான் கையில் காசு வேண்டும். தவணையை நிறுத்தினால் தைப் பையும் சேர்ந்தே சிறுக்கும். சந்தேகம் இருந்தால் மழை விட்ட ஒரு காலையில் நேரே போய், நட்டது எவ்வளவு, போனது எவ்வளவு என்று கேளுங்கள். விவசாயியும் அந்தக் கணக்கை நோட்டுப் போட்டு எழுதி, யார் கேட்டாலும் எடுத்துக் காட்டும்படி வைத்திருக்க வேண்டும்.