குழு விவாதத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம்

எம்.பி.ஏ. சேர்க்கையில், ஒரு தலைப்பைக் கொடுத்துச் சிலரைச் சேர்ந்து பேச வைத்து மதிப்பிடுவதுதான் குழு விவாதம். முதலில் கல்லூரி அனுப்பும் அழைப்புக் கடிதத்தை (கால் லெட்டர்) முழுதாகப் படியுங்கள். இந்திய மேலாண்மைக் கழகங்களில் (ஐ.ஐ.எம்.) பல, குழு விவாதத்தைக் கைவிட்டு எழுத்துத் தேர்வுக்கும் நேர்முகத்துக்கும் மாறிவிட்டன. வேறு பல மேலாண்மைக் கல்லூரிகளில் அது இன்னும் இருக்கிறது. சில இடங்களில் தலைப்புக்குப் பதிலாக ஒரு நிறுவனத்தின் சிக்கலை அச்சிட்டுக் கொடுத்து, பேசி முடிவுக்கு வரச் சொல்வார்கள். எது என்று தெரிந்துகொண்டு உழையுங்கள்.

என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஆங்கிலம்தான் பயம். அவர்களுக்கு நான் முதலில் ஒரு கணக்கைக் காட்டுவேன். பத்துப் பேர், பதினைந்து நிமிடம் என்றால் தலைக்கு ஒன்றரை நிமிடம். இருபது, இருபத்தைந்து விநாடிகளாக மூன்று நான்கு முறை வாய் திறக்கலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் மூன்று சிறிய ஆங்கில வாக்கியங்கள் போதும். அது உங்களால் முடியும். அந்த மூன்று வாக்கியத்துக்குள் வைக்கச் சரக்கு இருக்கிறதா என்பதில்தான் நான் கவலைப்படுவேன்.

சரக்குச் சேர்க்க ஒரு நோட்டு வாங்குங்கள். தலைப்புக்கு ஒரு பக்கம். தமிழ் நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரையை முதலில் படித்துவிட்டு, அதே விஷயத்தைப் பற்றிய ஆங்கிலத் தலையங்கத்தைப் படியுங்கள். யோசனை தமிழில் தெளிந்துவிட்டால் ஆங்கிலச் சொற்களைத் தேடித் தவிக்க மாட்டீர்கள்.

'அரசின் இலவசங்கள் நாட்டுக்கு நல்லதா?' என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். இது அடிக்கடி வரும். குழுவில் பெரும்பாலானோர் 'வரிப்பணம் வீண்' என்றோ 'ஏழைக்கு உதவி' என்றோ கட்சி கட்டிவிடுவார்கள். நம் பிள்ளைகளுக்கு இதில் பெரிய பலம் உண்டு. பள்ளி மதிய உணவைக் காமராஜர் 1956-இல் தொடங்கினார், எம்.ஜி.ஆர். 1982-இல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார்; 2001-இல் உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஒரு காலத்தில் இலவசமாகத் தெரிந்தது இன்று நாடு முழுவதும் குழந்தைகளின் உரிமையாகிவிட்டது. இதைச் சொன்னால் விவாதம் 'வேண்டுமா, வேண்டாமா' என்பதிலிருந்து 'எதை எந்த அளவுகோலால் பிரிப்பது' என்ற இடத்துக்கு நகரும். அங்கிருந்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: பணம் யாருடையது, பலன் யாருக்கு, நிறுத்தினால் என்ன ஆகும்? 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. உங்கள் தெருவில் அதனால் வேலைக்குப் போகத் தொடங்கிய ஒரு பெண்ணைத் தெரிந்தால் சொல்லுங்கள். போக்குவரத்துக் கழகத்தின் செலவை யார் ஈடுகட்டுவது என்பதையும் நீங்களே எழுப்புங்கள். எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைத் தானே எடுத்து வைப்பவரை மதிப்பீட்டாளர்கள் கவனிப்பார்கள்.

'நீலம்', 'பூஜ்யம்' போன்ற ஒற்றைச் சொல் தலைப்பு வந்தால் கலங்க வேண்டாம். வீடு, தொழில், அரசு என்று இரண்டு மூன்று கோணங்களை யோசித்தாலே பேசக் கிடைக்கும்.

இனி நான் மிகவும் வற்புறுத்துவது கேட்பதைத்தான். என் வகுப்பில் விவாதம் முடிந்ததும் யாரையும் எழ விடமாட்டேன். மற்றவர் ஒவ்வொருவரும் சொன்னதை ஒரு வரியில் எழுதித் தர வேண்டும். முதல் வாரத்தில் பலரால் இரண்டு பேரைத் தாண்ட முடியாது. தன் முறை எப்போது வரும் என்று காத்திருப்பவர் காதில் எதுவும் விழுவதில்லை. இந்தப் பயிற்சியை விடாமல் செய்த ஒரு மாணவி, அதிகம் பேசாதவள், ஒருநாள் எல்லாரும் சந்தைக்கடையாகக் கத்திக்கொண்டிருந்தபோது, மூலையில் இருந்த பையனைப் பெயர் சொல்லி அழைத்து, "நீங்கள் செலவைப் பற்றி ஏதோ தொடங்கினீர்களே, அதை முடியுங்கள்" என்றாள். அறை அடங்கிவிட்டது. அவன் முடித்ததும் அதிலிருந்தே தன் கருத்தை எடுத்துச் சென்றாள். குரலை உயர்த்தாமல் உள்ளே நுழைய எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி இது.

பயிற்சிக்கு ஏழெட்டு நண்பர்கள் போதும். செல்போனில் பதிவு செய்து, ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மேசையைத் தட்டுவது, விரலை நீட்டுவது, மதிப்பீட்டாளர் பக்கமே திரும்பிப் பேசுவது எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். குழுவைப் பார்த்துப் பேசுங்கள். விஷயம் தெரியாத தலைப்பில் முந்திக்கொண்டு தொடங்காதீர்கள். இரண்டு பேர் பேசட்டும். தெரியாத புள்ளிவிவரத்தை இட்டுக்கட்டவே கூடாது, எதிரில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கும்.

முடிவில் தொகுத்துச் சொல்லும்படி கேட்டால், புதுக் கருத்தைச் சேர்க்காமல், ஒத்துப்போனவை, போகாதவை இரண்டையும் சொல்லி நிறுத்துங்கள். வெளியே வந்ததும், நேர்முகத்துக்கு முன்பாக, யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். "உங்கள் குழுவில் நன்றாகப் பேசியது யார்?" என்று உள்ளே கேட்பதுண்டு. உங்களை விட்டு வேறொருவர் பெயரைச் சொல்லுங்கள், அவர் சொன்ன எந்தக் கருத்துக்காக என்பதையும் சேர்த்து.