தபால் வாக்கு: சின்ன உறைக்குள் போகக் கூடாத தாள்

தேர்தல் பணிக்கு முதல்முறை வரும் ஆசிரியர்களும் அலுவலர்களும் பயிற்சி நாளில் தபால் வாக்குப் போடுவதைப் பார்த்தால், போன தேர்தலில் நடந்த அதே தவறுகள் மறுபடி நடக்கும். கையில் கொடுப்பது ஐந்து: வாக்குச்சீட்டு, 13ஏ உறுதிமொழி, 13பி என்ற சின்ன உறை, 13சி என்ற பெரிய உறை, 13டி அறிவுரைத் தாள். அந்த 13டி-யைப் படிக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து மடித்து, ஒட்டி, பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் தவறாகச் செய்திருந்தால் அந்த வரிசை முழுக்க அதே தவறு.

சில்லறைப் பிழைகளை விட்டுவிடுவோம். வாக்கையே இல்லாமல் ஆக்கிவிடுகிறவை மட்டும் இங்கே.

ஓட்டர் ஐடி எண்ணோடு நிறுத்திக்கொள்வது

தபால் வாக்குக் கேட்டு விண்ணப்பிக்கும் படிவம் 12-இல் முக்கியம் பாகம் எண்ணும் அந்தப் பாகத்தில் உங்கள் வரிசை எண்ணும்தான். பழைய பூத் சிலிப்பைப் பார்த்து எழுதாதீர்கள். பட்டியல் திருத்தப்படும்போது வரிசை எண் மாறும். உங்கள் பழைய எண்ணில் இப்போது வேறு யாரோ இருக்கலாம்.

மக்களவைத் தேர்தலில் சொந்த மக்களவைத் தொகுதிக்குள்ளேயே பணி என்றால் தபால் வாக்கே வேண்டாம். படிவம் 12ஏ கொடுத்துத் தேர்தல் பணிச் சான்று வாங்கினால், பணி செய்யும் சாவடியிலேயே இயந்திரத்தில் வாக்களிக்கலாம். உறையும் இல்லை, உறுதிமொழியும் இல்லை.

உறுதிமொழியைச் சின்ன உறைக்குள் வைப்பது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது. கவனமாகச் செய்ய நினைப்பவர்கள்தான் இதைச் செய்கிறார்கள். வாக்குச்சீட்டும் உறுதிமொழியும் பிரியக் கூடாது என்று எண்ணி, இரண்டையும் ஒன்றாக மடித்து 13பி-க்குள் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். அந்த நொடியிலேயே வாக்கு போய்விட்டது.

ஏன் என்று புரிந்தால் மறக்காது. எண்ணும் நாளில் முதலில் திறப்பது பெரிய உறையை. அதற்குள் இரண்டு பொருள் தனித்தனியாக இருக்க வேண்டும்: ஒட்டிய சின்ன உறை ஒன்று, வெளியே 13ஏ ஒன்று. அலுவலர் 13ஏ-வைப் பார்க்கிறார். கையெழுத்து இருக்கிறதா, சான்றொப்பம் இருக்கிறதா, அதில் எழுதிய வாக்குச்சீட்டு வரிசை எண்ணும் சின்ன உறையின் மேலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்க்கிறார். எல்லாம் சரியென்றால் 13ஏ தாள்களைத் தனியே கட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். அதன் பிறகுதான் சின்ன உறைகளைப் பிரிப்பார்கள். பெயர் இருக்கும் தாள் ஒரு பக்கம் போன பின்னரே வாக்கு வெளியே வரும். யார் யாருக்குப் போட்டார் என்பது மேசையில் இருக்கும் முகவர்களுக்குத் தெரியாமல் இருக்க இந்த வரிசைதான் காவல்.

13ஏ வெளியே இல்லையென்றால், உள்ளே இருக்கிறதா என்று சின்ன உறையைப் பிரித்துப் பார்க்க விதியில் இடமில்லை. பிரிக்காமலேயே நிராகரிப்பார்கள். உள்ளே நீங்கள் எவ்வளவு சரியாக டிக் செய்திருந்தாலும் பயனில்லை. படித்தவர்கள், மற்றவர்களுக்கு வாக்களிக்கச் சொல்லிக் கொடுப்பவர்கள், ஒரு மடிப்பில் தங்கள் வாக்கை இழப்பதைப் பார்க்கும்போது ஆற்றாமையாக இருக்கிறது.

செய்யும் முறை இது. வாக்குச்சீட்டை மட்டும் 13பி-யில் வையுங்கள். ஒட்டுங்கள். மேலே சீட்டின் வரிசை எண் இருக்கிறதா என்று பார்த்து, 13ஏ-விலும் அதே எண்ணை எழுதுங்கள். பிறகு 13பி-யையும் 13ஏ-வையும் அடுத்தடுத்து 13சி-க்குள் வையுங்கள். பெரிய உறையை ஒட்டுவதற்கு முன் ஒருமுறை விரலை விட்டுப் பாருங்கள்: உறை ஒன்று, தாள் ஒன்று தட்டுப்பட வேண்டும்.

சான்றொப்பத்தை யாரிடமோ வாங்குவது

தேர்தல் பணியாளரின் 13ஏ-வில் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரோ, பணி செய்யும் சாவடியின் தலைமை அலுவலரோ சான்றொப்பமிடலாம். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 வாக்கு. அங்கே 203 தபால் வாக்குகள் நிராகரிக்கப்பட்டிருந்தன. சான்றொப்பமிட்ட நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்பது காரணம். தோற்ற அப்பாவு வழக்குப் போட்டார். அவர்கள் போட்ட சான்றொப்பம் செல்லும் என்று ஏற்று, சென்னை உயர் நீதிமன்றம் 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதன் முடிவை வெளியிடத் தடை போட்டது. அதற்குள் மூன்று ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

எனவே தபால் வாக்கு மையத்தில் அதற்கென அமர்த்தப்பட்ட அலுவலரிடமே போங்கள். அவர் முன்னால் கையெழுத்திடுங்கள். அவர் கையெழுத்து, பெயர், பதவி, முத்திரை நான்கும் விழுந்ததா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

வாக்குச்சீட்டில் கையெழுத்து

கூடாது. 13ஏ-வில் போட்ட கை அடுத்த தாளிலும் தானாகப் போட்டுவிடும். ஆளை அடையாளம் காட்டும் எழுத்து எதுவானாலும் சீட்டு செல்லாது.

இரண்டு பேருக்கு நடுவே விழும் குறி

யாருக்கு என்று சந்தேகம் வந்தால் நிராகரிப்பு.

பசை

கொஞ்சம் போதும். வழிந்தால் சின்ன உறை பெரிய உறையோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது கிழியும்.

வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் போடலாம் என்று நினைப்பது

2023 விதித் திருத்தத்துக்குப் பிறகு தேர்தல் பணியாளர்கள் மையத்திலேயே வாங்கி, அங்கேயே குறித்து, அங்கேயே திருப்பித் தர வேண்டும். அறிவித்த நாளைத் தவறவிடாதீர்கள்.

தபாலில் அனுப்புவது இப்போது பெரும்பாலும் ராணுவம் போன்ற பணி வாக்காளர்கள்தான். அவர்களுக்குச் சீட்டு மின்னணு முறையில் வரும். அச்செடுத்து அனுப்ப வேண்டும். எண்ணும்போது கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்வார்கள் என்பதால் மடிப்பும் பசையும் அதன் மேல் விழக் கூடாது. எண்ணிக்கை தொடங்கும் நேரத்துக்கு முன் உறை வந்து சேர வேண்டும். எப்போது அனுப்பினீர்கள் என்பது கணக்கில் வராது.

பாட்டிக்கு 12டி கொடுத்துவிட்டு, பிறகு சாவடிக்கு அழைத்துப்போவது

85 வயதைக் கடந்தவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களும், அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 5 நாளுக்குள், வீட்டிலிருந்தே தபால் வாக்குப் போட விண்ணப்பிக்கும் படிவமான 12டி கொடுத்தால் அலுவலர்கள் வீட்டுக்கே வருவார்கள். ஏற்றுக்கொண்டதும் பட்டியலில் பெயருக்கு நேரே தபால் வாக்கு என்று குறித்துவிடுவார்கள். அதன் பிறகு சாவடியில் வாக்களிக்க முடியாது. முதல்முறை வந்தபோது ஆள் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள். அப்போதும் இல்லையென்றால் மூன்றாவது வருகை கிடையாது. சாவடிக்கு நடந்துபோய் வாக்களிக்க ஆசைப்படும் பாட்டி என்றால், படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன் அவரிடமே கேளுங்கள்.